மயக்கம் தெளியும் அறை

பட்டை அக்காவின் கையைச் சுற்றி வரவில்லை. குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பதற்கென்று கொண்டுவந்த பட்டை அது. முழங்கைக்கு மேலே வைத்து இழுத்தால் ஒட்டும் முனை பாதியிலேயே நின்றுவிட்டது. சின்னவள் அதைக் கீழே இறக்கி, மணிக்கட்டுக்கு மேல் சுற்றிப் பார்த்தாள். கருவி காற்றை ஏற்றியது, இறக்கியது, எண் எதுவும் காட்டாமல் இரண்டு கோடுகளைப் போட்டுவிட்டு அடங்கியது.

“விடுடி, எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள் அக்கா. சொல்லும்போதே அவள் மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த அறையில் எல்லாமே சின்னச் சின்னதாக இருந்தன. முகமூடி, குழாய், ஊசி, கட்டில், போர்வை. பிளந்த உதட்டோடும் பிளந்த அண்ணத்தோடும் பிறந்த குழந்தைகளுக்கு அறுவை செய்ய வந்த குழு அது. கடல் தாண்டிப் பெட்டி பெட்டியாகச் சுமந்து வந்ததில் பெரியவர்களுக்கென்று ஒரு சாமான் இல்லை. பெரியவர்களுக்கு இங்கே என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அக்கா இடுப்புப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, எதையோ நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டதைச் சின்னவள் தற்செயலாகத்தான் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் ஓடிப்போய்ப் பட்டையை எடுத்தது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எதற்கானது என்று ஒரு நர்சுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“எப்பலேருந்துக்கா?”

“போன வருஷம் இங்கேருந்து திரும்பிப் போனதிலேருந்து. மெதுவாப் பேசு. அந்தப் பொண்ணு பாக்குது.”

மூலைக் கட்டிலில் உதடு தைத்த கைக்குழந்தை ஒன்று அரைத்தூக்கத்தில் கிடந்தது. தையலில் கை வைத்துவிடாமல் இருக்க அதன் முழங்கைகளில் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்க்கு இவர்கள் பேசும் மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவள் குழந்தையை விட்டுவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவும் தங்கையும் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர் என்றே அங்கே பெயர் விழுந்துவிட்டது. பெரிய சிஸ்டர் அறுவை அரங்கிலேயே ஊறியவள். ஓய்வு பெற்ற பிறகும் வருஷம் தவறாமல் இந்தக் குழுவோடு மூட்டை கட்டிவிடுவாள். சின்னவள் தடுப்பூசி போடும் அறையிலேயே காலத்தை ஓட்டியவள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். வாசல் கதவைப் பூட்டி நாலு எட்டு நடந்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். ஊசி போட்டுக்கொண்ட குழந்தை வீட்டுக்குப் போய்ச் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும். இவள் இங்கே அதற்குக் காய்ச்சல் கண்டிருக்குமோ என்று புரண்டுகொண்டிருப்பாள். இவள் பயப்படுகிற அழகைப் பார்த்தால் பயத்துக்கே பயம் வந்துவிடும் என்று அக்கா ஊரெல்லாம் கேலி செய்வாள்.

அப்படிப்பட்டவளை இந்த வருஷம் அக்கா விடாப்பிடியாகக் கூப்பிட்டாள். பிள்ளைகளைத் தூக்கிப் புரட்ட இடுப்பு ஒத்துழைப்பதில்லை, நீ வந்தால் கைக்கு உதவியாக இருக்கும் என்றாள். மறுக்கச் சின்னவளிடம் ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் அக்கா அவளிடம் உதவி என்று கேட்டது அதுவரை நடந்ததே இல்லை. விமானம் மேலே எழும்பியபோது அக்காவின் கையை இவள் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

இடுப்பு இல்லை, நெஞ்சு என்று இப்போதுதான் தெரிகிறது.

“டாக்டர்கிட்ட சொல்றேன்” என்று சின்னவள் எழுந்தாள்.

அக்கா அவள் முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோல் அங்கியின் ஓரத்தைப் பிடித்தாள். “உள்ள ஒரு பிள்ள வாயத் தொறந்துக்கிட்டு கெடக்கு. நீ போய் ஒண்ணச் சொன்னா அவர் கை நடுங்கும். அப்புறம் வெளிய ஒக்காந்திருக்காளே, அவளையும் திருப்பி அனுப்பிடுவாங்க. இது முடியட்டும். அவளும் முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்.”

வெளியே நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் ஏழெட்டு வயதுச் சிறுமி. முகாமின் கடைசி அறுவை அவளுக்கு. உதட்டைச் சின்ன வயதிலேயே யாரோ தைத்துவிட்டிருந்தார்கள். உள்ளே அண்ணம் மட்டும் பிளந்தே கிடந்தது. பேசினால் எல்லாச் சொல்லும் மூக்கு வழியாகப் போய்விடும். குடித்தால் பாதி மூக்கில் வரும். போன வருஷம் மேசை வரை வந்து, காய்ச்சல் கண்டதால் திரும்பிப் போனவள். அப்போது அடுத்த வருஷம் கட்டாயம் என்று அக்காதான் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தாளாம். ‘போன வருஷத்துக்காரி’ என்றே அக்கா அவளைச் சொல்வாள். இந்தத் தடவை வந்து இறங்கிய அன்றைக்கே, போன வருஷத்துக்காரி வந்துவிட்டாளா என்றுதான் முதலில் விசாரித்தாள்.

சின்னவள் நின்றாள். அக்காவின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அவள் வாயில் வந்ததில்லை. எல்லாப் பயங்களையும்விட அக்காவின் மேல் உள்ள பயம்தான் அவளுக்குப் பழையது. பிறகு அவள் கண் அக்காவின் விரல்களில் விழுந்தது. அங்கியைப் பிடித்திருந்த விரல்களில் நகக்கண்கள் வெளிறி, ஓரத்தில் நீலம் ஏறியிருந்தது. அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, அரங்கின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மயக்க மருந்து கொடுக்கிறவரை எல்லாரும் மயக்க டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அந்தக் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அறுவை செய்யும் டாக்டரம்மா தலையை நிமிர்த்தவில்லை. சின்னவள் சொன்னாள். தன் குரல் இவ்வளவு நிதானமாக இருப்பது அவளுக்கே பிடிபடவில்லை. டாக்டரம்மாவின் கை ஒரு கணம் நின்று, மறுபடி தைக்கத் தொடங்கியது. படுக்க வையுங்கள், ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுங்கள், ஆக்சிஜன் வையுங்கள், ஆம்புலன்ஸ் வண்டியை வரச் சொல்லுங்கள் என்று மயக்க டாக்டர் அடுக்கினார். இந்தப் பிள்ளை தானாக மூச்சு விடத் தொடங்கியதும் ஓடி வருகிறேன் என்றார். அதற்குமுன் அவர் எழ முடியாது. அது சின்னவளுக்கும் தெரியும்.

அவள் திரும்பி வந்தபோது அக்கா தரையில் விரித்த மெத்தையில் தானே சாய்ந்துகொண்டிருந்தாள். கட்டில்கள் அவளுக்குப் பற்றவில்லை.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“பயந்தாங்கொள்ளி” என்றாள் அக்கா. கோபமா, கேலியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆக்சிஜன் முகமூடி அவள் மூக்கை மட்டும் மூடியது. வாய் வெளியே நின்றது. மருத்துவமனையின் பெரிய வார்டிலிருந்து பெரியவர்களுக்கான முகமூடி எடுத்துவரச் சொல்லி, மொழிபெயர்ப்புக்காக வந்திருந்த உள்ளூர் டீச்சரைச் சின்னவள் ஓட விட்டாள். கைக்குழந்தையின் தாய் எழுந்து வந்து, யாரும் சொல்லாமலேயே அக்காவின் காலடியில் மண்டியிட்டு உள்ளங்காலைத் தேய்க்கத் தொடங்கினாள். வண்டி கிளம்பிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். இதய வைத்தியம் உள்ள ஊர் மலைச்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வரும் வழியில் அந்தச் சாலையின் வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டே வந்தது சின்னவளுக்கு ஞாபகம் வந்தது.

மயக்க டாக்டர் வெளியே வந்தார். பார்த்ததுமே அவர் முகம் மாறியது. உடனே அதைச் சரிசெய்துகொண்டார். தானும் வண்டியில் கூட வருவதாகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள்.

“நீங்க வந்துட்டா யாரு மயக்கம் குடுப்பா? அந்தப் பொண்ணு காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. பட்டினியாக் கெடக்கு. சீக்கிரம் உள்ள எடுங்க.”

அதைச் சொல்லிவிட்டு, இன்னும் ஏதோ சொல்ல வருகிறவள்போல் சின்னவளைப் பார்த்தாள். பார்வை சின்னவளின் முகத்தில் நின்றது. நின்ற பார்வை அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததில் சின்னவளின் கைகளும் இருந்தன. அக்காவின் நெஞ்சின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அழுந்தி அழுந்தி எழுந்தவை தன் கைகள்தான் என்று அவள் பார்த்தாள். எலும்பு ஒன்று நெரிந்தது உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. குழந்தை முகமூடியைச் சுற்றிக் காற்று கன்னத்தின் வழியே சீறிக்கொண்டு வெளியே போனது. டீச்சர் பெரிய முகமூடியோடு மூச்சிரைக்க வந்தார். அதை வைத்தார்கள். அது சரியாகப் பொருந்தியது. ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. டாக்டரம்மா வந்து சின்னவளைத் தள்ளி உட்காரவைத்துவிட்டுத் தான் அழுத்தினார். அவரும் களைத்தார். மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ஆக்சிஜன் குழாயின் விசையை மூடினார்.

வெளியே வெயில் இருந்தது. மூலைக் கட்டிலில் கைக்குழந்தை விழித்துக்கொண்டு பசிக்கு அழுதது. அதன் தாய் எழுந்து போகலாமா கூடாதா என்று தெரியாமல் அக்காவின் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தாள்.

“அந்தப் பொண்ணு பட்டினியாக் கெடக்கு” என்றாள் சின்னவள்.

டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டார். “இன்னைக்கு முடியாதும்மா. எங்க கையெல்லாம் பாரு.”

“ஆபரேஷன் சொல்லல டாக்டர். அவளுக்குச் சாப்பிட ஏதாவது குடுக்கச் சொல்றேன்.”

டீச்சர் போய்ச் சொன்னார். கதவு திறந்திருந்ததால் சின்னவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. டீச்சர் பிஸ்கட்டும் பாலும் நீட்டியதும், சிறுமியின் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சாப்பிடக் கொடுத்தால் அறுவை இல்லை. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மகளுக்குப் பிஸ்கட்டைப் பாலில் நனைத்து நனைத்துக் கொடுத்தார். சிறுமி தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்துப் பார்த்து விழுங்கினாள். அப்படியும் பால் மூக்கில் வந்தது. அப்பா தன் சட்டைக்கையால் துடைத்துவிட்டார்.

மருத்துவமனையின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் மட்டும்தான் கைபேசி வேலை செய்யும். சாயங்காலம் சின்னவள் அங்கே போய் நின்றாள். அத்தானின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தாள். டாக்டரம்மா தானே பேசுவதாகச் சொல்லியிருந்தார். அவள்தான் வேண்டாம் என்றிருந்தாள். இப்போது ஏன் வேண்டாம் என்றோம் என்றிருந்தது. நீ பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அவர் ஒரு சொல் கேட்டுவிட்டால் அதற்குப் பதிலாகத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தாள்.

“சொல்லும்மா. பொட்டியெல்லாம் கட்டியாச்சா?” என்றார் அத்தான். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பார். அவள் கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

“அவகிட்ட குடு” என்றார். இப்போது குரல் வேறாக இருந்தது.

“அக்கா போயிட்டா அத்தான்.”

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

“ரொம்ப வலிச்சுதா அவளுக்கு?”

“கொஞ்ச நேரந்தான்.”

“ஒங்கிட்ட சொன்னாளா, நெஞ்சு சமாச்சாரம்?”

“இன்னைக்குத்தான் தெரியும்.”

“போவேணாம்னுதான் சொன்னேன். அவ எங்க கேட்டா? கடைசியில, தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன், எனக்கு ஒண்ணுன்னா அவ பாத்துப்பான்னா. நீ கூட இருக்கியேன்னுதான் விட்டேன்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோல், நடந்ததை நடந்தபடி சொன்னார். அதைக் கேட்டு அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவ பாத்துப்பா. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவளை நம்பி அக்கா இவ்வளவு பெரிய காரியத்தை ஒப்படைத்திருக்கிறாள். அதைச் சம்பந்தப்பட்டவளிடம் சொல்லக்கூட இல்லை.

“தண்ணி போய்க்கிட்டிருக்கு அத்தான்” என்றாள்.

“ஆமா” என்றார் அவர். சத்தம் நிற்கவில்லை.

உடலைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோக ஓர் அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவர் மறுநாள் மத்தியானத்துக்குள் வருவார் என்று டீச்சர் விசாரித்து வந்து சொன்னார். காலை விமானத்தை விட்டுவிடுவதென்று முடிவாயிற்று. குழுவில் யாரும் கிளம்பவில்லை. டாக்டரம்மா சின்னவளின் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சன்னல் வழியே நடைபாதைப் பெஞ்சு தெரிந்தது. அப்பாவும் மகளும் இன்னும் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் ஊருக்குப் பேருந்து காலையில்தான்.

மயக்க டாக்டர் உள்ளே வந்து, நின்று, திரும்பிப் போய், மறுபடி வந்தார்.

“சின்ன சிஸ்டர், நான் கேக்கக் கூடாது.”

“அப்ப கேக்காதீங்க.”

அவர் தலையசைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் கேட்க வந்தது அந்தச் சிறுமியின் அறுவையைப் பற்றித்தான் என்று சின்னவளுக்குத் தெரியும். அண்ணம் தைத்த குழந்தை மயக்கம் தெளிந்து எழும்வரை ஒருத்தி தலைமாட்டை விட்டு நகரக் கூடாது. நாக்கு பின்னால் விழும், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும், மூச்சு அடைக்கும். இதுவரை அந்த அறையில் அக்காவின் கண் எப்போதும் அவள் கைமேல் இருந்தது. அக்கா இல்லாமல் அவள் ஒரு குழந்தையையும் பார்த்ததில்லை. வேறு ஆளும் இல்லை. முடியாது என்ற சொல் அவளுக்குப் பழகிய சொல். ஆயுள் முழுக்க அவளைக் காப்பாற்றி வந்த சொல். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“காலையில எப்ப?” என்று கேட்டாள்.

கதவருகே போய்விட்ட மயக்க டாக்டர் நின்றார். டாக்டரம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

காலையில் சிறுமி பெஞ்சிலிருந்து எழுந்து தானாகவே நடந்து வந்தாள். கதவருகில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். டீச்சரிடம் மூக்கால் ஏதோ கேட்டாள். டீச்சர் சின்னவளைப் பார்த்தார். என்ன கேட்டாள் என்று சின்னவள் விசாரிக்கவில்லை. சிறுமியின் தலையில் பச்சைத் தொப்பியை மாட்டி, கலைந்த முடியை உள்ளே தள்ளிவிட்டு, மேசைவரை கூட்டிக்கொண்டு போனாள்.

அரங்கின் கதவு மூடியதும் அறை அவளுடையதாயிற்று. உறிஞ்சும் கருவியை ஓடவிட்டுப் பார்த்தாள். அணைத்தாள். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். டார்ச் எரிகிறதா என்று பார்த்தாள். முகமூடியை எடுத்து வைத்தாள், அதன் பக்கத்தில் ஒரு அளவு சின்னதையும், ஒரு அளவு பெரியதையும் வைத்தாள். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. தரையில் மெத்தை விரித்திருந்த இடத்தை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். அவள் அதைச் சுற்றிக்கொண்டே நடந்தாள்.

சிறுமியை ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். நன்றாக முடிந்தது, நீளமான பிளவுதான், ஆனால் நன்றாகச் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. தான் இன்னும் இரண்டு நாள் இங்கேயே தங்கி அவளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். சின்னவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவள் கண் சிறுமியின் தொண்டையில் இருந்தது. தொண்டை அசைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அசைந்தது. பிறகு மறுபடி.

தூக்கத்தில் குழந்தை விழுங்கிக்கொண்டே இருந்தால் அது ரத்தத்தை விழுங்குகிறது.

கூப்பிடலாம். ஒரு குரல் கொடுத்தால் மூன்று பேர் ஓடி வருவார்கள். அவள் டார்ச்சை எடுத்து, கன்னத்தை மெல்ல விலக்கி, உள்ளே அடித்தாள். வெளிச்சம் நாக்கின் மேலும் பல்லின் மேலும் ஓடியது. முழங்கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டாள். கறுப்பு நூல் தையல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பின்னால், தொண்டைச் சுவரில் ரத்தம் வழியவில்லை. இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் எச்சில் தேங்கியிருந்தது, அவ்வளவுதான். அதைக் கன்னத்தின் ஓரமாக உறிஞ்சி எடுத்தாள். மறுபடி பார்த்தாள். தேங்கவில்லை. இன்னொரு தடவையும் பார்த்தாள்.

அப்போது வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, கையெழுத்தெல்லாம் முடிந்துவிட்டது, பெரிய சிஸ்டரை வண்டியில் ஏற்றிவிட்டார்கள், நான் இவளைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் புறப்படுங்கள் என்று மயக்க டாக்டர் வந்து சொன்னார். மலைச்சாலையில் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டுமாம்.

“இவ முழிச்சுக்கட்டும்” என்றாள் சின்னவள்.

அவர் வற்புறுத்தவில்லை. சிறுமியின் அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. வண்டியின் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஓட்டுநர் இறங்கி வந்து சன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். கட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்தார், அதன் தாடையைத் தாங்கிப் பிடித்துக் குனிந்து நின்றவளைப் பார்த்தார். திரும்பி நடந்தார்.

கதவு ஒன்று திறந்து மூடியது. வண்டி மரநிழலுக்கு நகர்ந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு எஞ்சின் நின்றது.